பழைய ஸ்டேப்ளரும் பத்திரக் கட்டும்

கந்தோர் மேசையிற் கிடக்கும் ஸ்டேப்ளரை யாரும் ஒரு பொருளாக மதிப்பதில்லை. பழுதானால் எறிந்துவிட்டுப் புதியதொன்றை வாங்குகின்றோம். ஆயின், பழைய பாரமான உருக்கு ஸ்டேப்ளர்கள் எறியத் தக்கவையல்ல. அவற்றைத் தேடிச் சேர்த்துப் பயன்படுத்துவது மாணவர்க்கு ஏற்ற நல்ல பொழுதுபோக்கு.

இக்கருவியின் வரலாறு சுவையானது. 1879இல் அமெரிக்கரான ஜோர்ஜ் மக்கில் என்பார், ஒரே அடியிற் பின்னைச் செலுத்தி மடிக்கும் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ஒரு தடவைக்கு ஒரு பின்னையே இடலாம். ஒட்டிய பின் சரத்தை மேற்புறம் திறந்து இடும் ஸ்விங்லைன் யந்திரம் 1930களில் வந்தது. யப்பானின் மக்ஸ் நிறுவனம் 1952இற் கைக்குள் அடங்கும் சிறிய ஸ்டேப்ளரை வெளியிட்டது. இந்தியாவின் கங்காரோ, பஞ்சாப் மாநிலத்து லூதியானாவில் உருவானது.

பின் பெட்டியில் 24/6 என்றிருக்கும். 24 என்பது கம்பியின் பருமனைக் குறிக்கும் இலக்கம். 6 என்பது காலின் நீளம், மில்லிமீற்றரில். இவ்வளவுகள் மாறாதிருப்பதனாலேயே பழைய யந்திரங்கள் பலவற்றுக்கு இன்றைய பின்னும் பொருந்துகின்றது. வாங்குமுன் சுருள்வில் தளராதிருக்கின்றதா, பின்னை மடிக்கும் அடித்தகட்டின் குழி தேயாதிருக்கின்றதா என்று பாருங்கள். துருவைத் துடைத்துத் தையல் யந்திர எண்ணெய் ஒரு துளி இட்டாற் போதும்.

அந்த அடித்தகட்டைப் பல யந்திரங்களிற் திருப்பி வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. திருப்பினால் பின்னின் கால்கள் உள்ளே மடியாமல் வெளிப்புறம் விரியும். தற்காலிகமாக இணைத்த தாள்களை, கிழியாமல் எளிதிற் பிரிப்பதற்கே இந்த ஏற்பாடு.

பிரிப்பது ஏன் அவசியம்? பின் இரும்புக் கம்பியாலானது. மாரி மழையின் ஈரத்தில் அது துருப்பிடிக்கும். துரு தாளை அரிக்கும். 2009 வரையான போரில் இடம்பெயர்ந்த வன்னிக் குடும்பங்கள் பல, பிறப்புப் பத்திரங்களையும் காணி அனுமதிப்பத்திரங்களையும் இழந்தன. பொலித்தீன் பையிற் சுற்றிக் காப்பாற்றிய பத்திரத்தை, இன்று வீட்டு அலுமாரியில் ஒரு சிறு பின் தின்ன விடலாமா?

ஆகவே மூலப் பத்திரத்திற் பின் ஏற்றாதீர்கள். பிரதிகளுக்கு மட்டும் ஏற்றுங்கள். மூலத்தைச் சுத்தமான காகித உறையில் இட்டு, ஈரம்படாத இடத்தில் வையுங்கள். முன்பே ஏற்றிய பின் துருப்பிடித்திருந்தால் இழுத்துப் பிடுங்கலாகாது. தாளைக் கவிழ்த்து, மழுங்கிய கத்தி முனையாற் கால்களை மெல்ல நிமிர்த்தி, முன்புறமாக எடுங்கள்.

நல்ல ஸ்டேப்ளர் தந்தைக்குப் பின் மகனுக்கும் உழைக்கும். மகனுக்குச் சேரவேண்டிய காணிப் பத்திரமும் அவ்வாறே நிலைக்கட்டும்.