சில்லு பூட்டிய அத்திவாரம்



அமெரிக்காவில் சிலர் தம் கையாலேயே சிறுவீடு கட்டிக்கொள்கிறார்கள். அதன் அத்திவாரம் மண்ணில் இல்லை. சில்லு பூட்டிய ட்ரெயிலரில். இரண்டு அச்சுகளும் தலா 7,000 இறாத்தல் தாங்குமென்றால் மொத்தம் 14,000. அதற்குள் ட்ரெயிலரின் சொந்தப் பாரமும் அடக்கம் என்பதைச் சிலர் மறந்துவிடுகின்றனர். அதுவே 4,000 என்றால், சுவர், கூரை, தளபாடம், தண்ணீர் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 10,000தான்.

மலிவென்று பாவித்ததை வாங்குவோர், முதலில் கீழே குனிந்து துருவையும் அச்சின் வளைவையும் பார்க்க வேண்டும். சுவர் எழுந்தபின் அடிச்சட்டத்தை மாற்றுவது இலேசல்ல.

வர்ணத்துக்கு அள்ளிக் கொடுத்து, அத்திவாரத்தில் மிச்சம் பிடிக்கும் பழக்கம் நம்மிடமும் உண்டல்லவா? முதற்காசைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கே கொடுங்கள்.