முதல் பனிச்சறுக்குப் பிரயாணமும் முன்பயிற்சியும்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

பிரிட்டனிலிருந்து ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலைகளுக்குப் பனிச்சறுக்கு விளையாடப் புறப்படுகிறவர்களுள், காலில் ஸ்கீ கட்டியே பழகாதவர்கள் கணிசமாக உண்டு. ஊரிலேயே சில பாடங்கள் கற்றுக்கொண்டு போக வேண்டுமா, மலைக்குப் போய் அங்கேயே ஆரம்பித்தால் போதாதா என்று அவர்கள் எம்மை வினவுகிறார்கள். இவ்விஷயத்தில் உறுப்பினர்களிடையே நெடுநாளாக இருவேறு அபிப்பிராயங்கள் நிலவி வந்தமையால், நிர்வாகக் குழு இரு தரப்பின் நியாயங்களையும் கேட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. கற்றுக்கொண்டு போவதே உசிதம். ஆயினும் அதற்குச் சில மணி நேரமே போதும். மலையில் பெற வேண்டிய பாடத்தை அதன்பொருட்டுக் கைவிடலாகாது.

ஒரு வார விடுமுறையில் போவதற்கும் வருவதற்குமான பொழுதைக் கழித்தால் சறுக்குவதற்கு மிஞ்சுவது ஆறு நாட்கள். அவற்றுள் முதல் நாள், ஒன்றும் அறியாதவருக்கு, பூட்ஸோடு மல்லுக்கு நிற்பதிலேயே பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. ஸ்கீ பூட்ஸ் என்பது கணுக்காலை அசையவிடாத கெட்டிப் பிளாஸ்டிக் கூடு. அதற்குள் மெல்லிய காலுறை ஒன்றுதான் இருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டாலும், உள்ளாடையின் கால் நுனியைப் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டாலும், மடிப்பு அழுத்தி மாலைக்குள் கால் கன்றிப்போகும். காலின் முன்னெலும்பு பூட்ஸின் நாக்குப் பகுதியில் அழுந்தி நிற்பதே சரியான நிலை என்பதையும், விரல்கள் நுனியை முட்டுகின்றனவே என்று அஞ்சிப் பெரிய அளவு கேட்கக் கூடாது, முழங்காலை மடக்கியதும் அவை தாமே பின்வாங்கும் என்பதையும் வீட்டுக்கு அருகிலேயே அறிந்துகொண்டவர், வாடகைக் கடையின் நெரிசலில் யாரோ நீட்டியதை வாங்கி மாட்டிக்கொண்டு வர மாட்டார்.

அடுத்தது பயம். சரிவைக் கண்டதும் மனித சரீரம் இயல்பாகவே மலைப்பக்கம் சாய்கிறது; அப்படிச் சாய்ந்த மாத்திரத்தில் ஸ்கீயின் முன்பகுதியிலிருந்து பாரம் நீங்கி, அது திரும்பும் சக்தியை இழந்து, நேராகவும் வேகமாகவும் ஓடத் தொடங்குகிறது. முன்னே குனிந்தால்தான் ஸ்கீ நம் சொல் கேட்கும் என்ற இந்த முரணான உண்மையை வாயால் சொல்லி ஒருவருக்கும் விளங்க வைக்க முடியாது. உடம்பு அதைத் தானே கண்டுகொள்ள வேண்டும். ஸ்கீயின் நுனிகளை நெருக்கி, வால்களை விரித்து, உள்விளிம்புகளைப் பனியில் பதித்து நிற்கும் ஸ்னோப்ளவ் முறையும், அந்நிலையில் வலக்காலை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும் என்பதும், விழ நேர்ந்தால் பக்கவாட்டில் விழுந்து, ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து எழ வேண்டும் என்பதும் இரண்டு மூன்று அமர்வுகளில் கைவரக்கூடியவையே. பின்னால் சாய்ந்தபடி திருகி விழுகிறவருக்குத்தான் முழங்காலின் தசைநார்களுக்கு ஆபத்து அதிகம். இவ்விளையாட்டில் மற்றெந்த அவயவத்தையும்விட முழங்காலே மிகுதியாகச் சேதமுறுகிறது. இழுவை லிஃப்டின் வட்டத் தட்டு உட்காருவதற்கு உரியதன்று, தொடைகளுக்கிடையே அதை வைத்துக்கொண்டு நின்றபடியே போக வேண்டும் என்ற சிறு விஷயத்தைக்கூட, உட்கார்ந்து விழுந்து, பின்னால் நிற்கும் வரிசை முழுவதையும் நிறுத்தி வைத்துக் கற்றுக்கொள்கிறவர்கள் பலர்.

தன் விடுமுறையைத் தான் வீணாக்கிக்கொள்ள ஒருவருக்குப் பூரண சுதந்திரம் உண்டு. பிறர் காலை முறிக்கும் சுதந்திரம் இல்லை. சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 1967-ஆம் ஆண்டில் வகுத்த நடத்தை விதிகள், தன் திறமைக்கும் நிலத்தின் தன்மைக்கும் ஏற்ற வேகத்திலேயே எவரும் செல்ல வேண்டும் என்றும், பின்னாலிருந்து வருகிறவரே முன்னால் செல்கிறவருக்கு இடையூறு நேராத வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்றும் கூறுகின்றன. நிற்கத் தெரியாதவர் இவ்விதிகளுக்கு எவ்வாறு கீழ்ப்படிவார்?

பயிற்சிக்கு இடமில்லை என்று சொல்வதற்குப் பிரிட்டனில் பெரும்பாலோருக்கு நியாயமில்லை. எடின்பரோவின் ஹில்லெண்டில் 1960-களிலிருந்தே செயற்கைச் சரிவு இருக்கிறது. 1994-இல் டாம்வொர்த்தில் உண்மைப் பனி பரப்பிய உள்ளரங்கம் திறக்கப்பட்டது. பிறகு மில்டன் கீன்ஸ், காசில்ஃபோர்டு, மான்செஸ்டர் முதலிய இடங்களிலும் அவ்வாறே அமைந்தன. தூரிகை முட்களைப் பின்னிய பிளாஸ்டிக் சரிவில் விழுந்தால் வலிக்கும் என்பதையும், வலைக் கண்ணில் கட்டைவிரல் மாட்டிச் சுளுக்கிக்கொள்ளும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கையுறையும் முழுக்கைச் சட்டையும் முழுநீளக் கால்சட்டையும் இல்லாமல் அங்கே கால் வைக்கலாகாது. இரண்டும் எட்டும் தூரத்தில் இருந்தால் பனியரங்கத்தையே தேர்ந்துகொள்ளுங்கள்.

எதிர்த் தரப்பினரின் ஆட்சேபணையில் உண்மை இல்லாமல் இல்லை. ஏறக்குறைய 170 மீட்டர் நீளமுள்ள, எப்போதும் ஒரே சீராக இருக்கும் அரங்கப் பனியில் தேறியவர், தம்மை வல்லவர் என்று எண்ணிக்கொண்டு மலைக்குப் போனால், காலையில் கண்ணாடியைப் போல் உறைந்தும் மதியத்துக்குப் பின் கூழாய் இளகியும் கிடக்கும் பனியும், மேகம் கவிந்ததும் மேடு பள்ளம் தெரியாமல் எல்லாம் ஒரே வெண்மையாகிவிடும் வெளிச்சமும் அவருடைய கர்வத்தை அரை மணியில் அடக்கிவிடும். பிரான்சில் மிக எளிய தடங்களுக்குப் பச்சை நிறம் உண்டு. ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் நீலத்திலிருந்தே வரிசை தொடங்குகிறது. ஆகையால் ஒரு தேசத்தில் பழகிய நிறத்தை நம்பி இன்னொரு தேசத்தில் இறங்குவதும் விவேகமன்று. மாணாக்கரைத் திறமைக்கேற்ப வகுப்புகளாகப் பிரித்து, படிப்படியாகப் போதிக்கும் முறையை ஹான்னஸ் ஷ்னைடர் 1920-களில் ஆஸ்திரியாவின் செயின்ட் அன்டோனில் நிலைநாட்டினார். மலைப் பள்ளிகள் இன்றும் அவ்வழியிலேயே நடக்கின்றன. அங்கே முதல் சில நாட்களின் காலை வேளைகளையாவது வகுப்புக்கென்று ஒதுக்குவது அவசியம். முன்பயிற்சி பெற்றவருக்கு அங்கே ஒரு படி மேலான வகுப்பில் இடம் கிடைக்கும்.

கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும், நண்பன் நண்பனுக்கும் இவ்வித்தையைப் போதிக்கும் வழக்கத்தைப் பற்றி எமது குழுவில் அபிப்பிராய பேதமே எழவில்லை. நன்றாகச் சறுக்குகிறவருக்குத் தாம் எப்படிச் சறுக்குகிறோம் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. மாணாக்கரைத் தாங்க முடியாத சரிவுக்கு அழைத்துப் போய், ஒன்றும் இல்லை, வா என்று கீழே நின்று கூவுவதே அவர் உபாத்தியாய முறை. அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் நிலவும் மௌனத்தை எம்மில் பலர் அறிவோம்.

மிகச் சிறிய குழந்தைகளை ஊரில் பயிற்சிக்கென்று அலைக்கழிக்க வேண்டியதில்லை. அவர்கள் மலையிலேயே விளையாட்டாகக் கற்றுக்கொள்வார்கள். சரிவு ஏதும் அருகில் இல்லாதவர்கள் அதற்காகப் பிரயாணத்தைக் கைவிடவும் வேண்டாம். மேலே சொன்ன காலை வகுப்புகளோடு, முதல் நாள் முழுவதையும் பள்ளிக்கு ஒப்புக்கொடுத்தால் போதும்.

முன்பயிற்சியை நிபந்தனையாக விதிக்கும்படி நாம் எந்தப் பிரயாண நிறுவனத்தையும் கேட்கவில்லை. நிர்ப்பந்தம் இவ்விளையாட்டின் சுபாவத்துக்கே ஒவ்வாதது. ஆனால் முன்பழக்கமே வேண்டாம் என்று விளம்பரம் செய்கிறவர்கள், அதே பக்கத்தில் மலைப் பள்ளியின் கட்டணத்தையும் அருகிலுள்ள பயிற்சி அரங்கங்களின் விவரத்தையும் சேர்த்து அச்சிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

இந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாகப் புறப்பட இருக்கும் அன்பர்கள், நான்கு முதல் ஆறு மணி நேரப் பயிற்சியை ஒரே நாளில் திணித்துக்கொள்ளாமல் இரண்டு மூன்று அமர்வுகளாகப் பிரித்து, பிரயாணத்துக்கு முந்திய ஒரு மாதத்துக்குள் தகுதி பெற்ற ஆசிரியரிடம் முடித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் பள்ளி விடுமுறைக் கூட்டம் மலையை நிறைத்துவிடும். ஆதலால் அங்குள்ள வகுப்புக்கான இடத்தையும், விமானச் சீட்டு வாங்கும் அன்றே பதிவு செய்துவிடுங்கள்.