கடைசி விளக்கு ஏன் சிவந்தது?

சென்ற பண்டிகைக்கு எங்கள் சித்தேரி வீட்டுத் திண்ணையில் என் பிள்ளை, நிறம் மாறும் எல்.இ.டி. பிக்ஸல் விளக்குகள் 100 கட்டினான். முன்னால் வெள்ளையாக எரிய, கடைசியில் மட்டும் சிவப்பு! ஒயரைத் தொட்டேன், சுட்டது.

"கெட்டுப் போச்சாடா?" என்றேன். விளக்கில் குறையில்லை; கணக்கில்தான்!

5 வோல்ட் விளக்கு ஒன்று முழு வெள்ளையில் எரிய ஏறத்தாழ 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். நூற்றுக்கு 6 ஆம்பியர். நாங்கள் வைத்ததோ 5 ஆம்பியர் சப்ளை, மெல்லிய ஒயர். தூரம் போகப் போக வோல்ட் குறையும். நீலமும் பச்சையும் முதலில் மங்கிவிடும்.

10 ஆம்பியர் சப்ளை மாற்றி, தடித்த ஒயரால் இரு முனையிலும் மின்சாரம் கொடுத்தோம். சரியாயிற்று.

சகோதரிகளே, சப்ளைப் பெட்டிக்குள் வருவது 230 வோல்ட். மழை படாமல், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். அழகு அப்புறம்!