எல்லை என்றால் கணக்கு கேட்கக் கூடாதா?

நாட்டுப் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் அரசாங்கம் எந்தப் பணத்தையும் எடுத்து எதற்கும் செலவழிக்கலாமாம். ராணுவத்தின் காசில் எல்லை வேலி போட்டால் என்ன குடி முழுகிவிடும் என்கிறார்கள். நாமக்கல் லாரி ஆபீஸ்களிலும் சேலத்து டீக்கடைகளிலும் இதை மறுத்துப் பேசினால் தேசத்துரோகி பட்டம் நிச்சயம்.

கூத்து என்னவென்றால், அசாம் போய் வந்த டிரைவரிடம் டீசலுக்குக் கொடுத்தது எவ்வளவு, டோலுக்கு எவ்வளவு என்று டிரிப் ஷீட்டை வைத்துக் குடைகிறவர்களும் இவர்களே.

அரசியல் சட்டத்தின் 114(3) பிரிவுப்படி, சட்டத்தால் ஒதுக்கப்படாமல் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. வங்கதேச எல்லை வேலி உள்துறையின் வேலை. அங்கே காவல் நிற்கும் எல்லைப் பாதுகாப்புப் படையும் உள்துறையைச் சேர்ந்தது. (காஷ்மீர் கட்டுப்பாட்டுக் கோட்டில் ராணுவமே வேலி போட்டது வேறு கதை.) பாதுகாப்புத் துறைக்கு வாக்களித்த மானியத்தை உள்துறைக்கு மாற்ற எந்த அமைச்சரின் கையெழுத்தும் போதாது. அவசரத்துக்கு வழி இல்லாமலில்லை: 115-ன் துணை மானியம், 116-ன் சிறப்பு ஒதுக்கீடு. இரண்டுமே நாடாளுமன்ற வாசலில்தான் திறக்கின்றன.

தாண்டினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் பார்த்தோம். மெக்சிகோ எல்லைச் சுவருக்கு டிரம்ப் கேட்டது 570 கோடி டாலர். நாடாளுமன்றம் தந்தது 137.5 கோடி. 2019 பிப்ரவரியில் அவசரநிலை அறிவித்து ராணுவக் கட்டுமான நிதியில் 360 கோடியைத் திருப்பினார். ராணுவத்தின் வேறு கணக்குகளிலிருந்தும் 250 கோடி போனது. 2020-ல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் சட்டவிரோதம் என்றது. ஆனால் 2019 ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் 250 கோடிக்குக் கீழ் நீதிமன்றம் போட்ட தடையை நிறுத்திவைத்திருந்ததால் சுவர் வளர்ந்துகொண்டேயிருந்தது. சட்டம் இருந்தால் போதாது, கேட்கிற ஆளும் காலத்தோடு கேட்க வேண்டும்.

சேலமும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இருக்கிறது. ராணுவத்தின் மூலதனச் செலவில் கை வைத்தால் ஆர்டரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நம்மூர்ப் பட்டறைக்கும் அது வலிக்கும். சிப்பாயின் பெயரைச் சொல்லித்தானே இத்தனை கூச்சலும்? அமெரிக்காவில் அந்த 360 கோடிக்காக 127 ராணுவக் கட்டுமானப் பணிகள் தள்ளிவைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, ஃபோர்ட் கேம்ப்பெல் முகாமில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காகக் கட்டவிருந்த பள்ளிக்கூடம்.