கட்டிப்பிடிக்க வேண்டாம், தேய்த்துவிடுங்கள்

போன மாட்டுப் பொங்கலன்று எங்கள் தெருவில் பார்த்தது இது. பாகூர் பக்கத்து ஊர்களில் இப்போது எங்கும் இதே கதைதான். மோட்டார் குழாயைத் திருப்பி இரண்டு நிமிடம் மாட்டின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். கொம்புக்குக் கடையில் வாங்கிய எனாமல் பெயிண்ட், கழுத்துக்குப் பலூன். பக்கத்தில் நின்று கைப்பேசியில் படம். மாடு காதை மடக்கி, வாலை ஒடுக்கிக்கொண்டு நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. இனி அதற்குக் குளியல் அடுத்த தை மாதம்தான்.

இதற்குப் பெயர் பாரம்பரியமாம்.

எனக்கு வயது 74. ஒரு பசுவும் கன்றும் வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனால், வெளியே வர எட்டாகிவிடும். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இதைப் பார்த்து முகம் சுளித்தார். "காலமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்த்தவர், பென்ஷன் வேறு வருகிறது, இந்த வயதில் மாடு தேய்க்கலாமா? பாண்லே பாக்கெட்தான் கடைக்குக் கடை கிடைக்கிறதே!" (அந்த 'லே' பிரெஞ்சுச் சொல், பால் என்று பொருள். தினமும் வாங்குகிற பிள்ளைகளுக்கு இது தெரியாது.)

பாலுக்காகவா நான் தேய்க்கிறேன்?

முதலில் ஒரு பிடி வைக்கோலை முறுக்கி, மயிரின் எதிர்ப்போக்கில் தேய்க்க வேண்டும். புழுதியும் காய்ந்த சாணியும் உதிரும். பிறகு தண்ணீர், அதுவும் காலில் தொடங்கி மேலே. எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றினால் எந்த மாடும் மிரளும். முதுகுக்குத் தேங்காய் நார், மடிக்குப் பழைய வேட்டித் துணி. நார் கழுத்தடியில் தொங்குகிற சதைக்கு வந்ததும் பாருங்கள்: தலையை மேலே தூக்கி, கழுத்தை நீட்டி, கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும். உடம்பின் பாரத்தை மெல்ல என் தோள் மேல் சாய்க்கும். கையை எடுத்தால் தலையால் ஒரு இடி. இன்னும் தேய் என்று அர்த்தம். மூட்டுவலி மாத்திரை தராத சுகம் அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குக் கிடைக்கிறது. கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

குதிரையைத் தேய்த்துத் துடைப்பதற்குப் பிரெஞ்சில் 'பான்சே' என்பார்கள். காயத்துக்குக் கட்டுப்போடுவதற்கும் அதே சொல். நினைப்பது என்ற சொல்லும் உச்சரிப்பில் அதேதான், எழுத்து ஒன்று மட்டும் மாறும். டிக்தே எழுதும்போது இந்த எழுத்தில் தடுக்கி விழாதவன் எங்கள் வகுப்பில் இல்லை. இரண்டுக்கும் ஒரே லத்தீன் வேர் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நானும் யோக்கியன் இல்லை. 1990களில் ஒரு கலப்பின ஜெர்சி வைத்திருந்தேன். சாணி வாடையோடு ஆபீஸ் போக வெட்கப்பட்டு, ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்தேன். அவன் குழாயால் பீய்ச்சுவான், நான் தூரத்தில் நின்று தலையாட்டுவேன். ஒருநாள் மாடு தீனி எடுக்கவில்லை. உடம்பு கொதித்தது, தோளுக்கு முன்னால் கட்டி போல வீங்கியிருந்தது. மருத்துவர் வந்து காதை மடக்கிக் காட்டினார், வாலைத் தூக்கிக் காட்டினார், மடிக்கும் தொடைக்கும் இடையில் காட்டினார். கொத்துக் கொத்தாக உண்ணி. "கடைசியா நீங்க எப்ப சார் இங்க கை வெச்சீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. உண்ணிக் காய்ச்சல் நாட்டு மாட்டைவிடக் கலப்பின மாட்டைத்தான் கடுமையாகத் தாக்கும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். மூன்றாம் நாள் அதைப் புதைத்தோம். குழாய்த் தண்ணீர் உண்ணியை அசைக்காது. விரல்தான் தேடிப் பிடித்துப் பிடுங்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போட வேண்டும்.

மாட்டுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கனமான கதவுக்குப் பின்னால் புதுத் தீவனம் வைத்துப் பார்த்தார்கள், சுழலும் பிரஷ் வைத்தும் பார்த்தார்கள். தீவனத்துக்காக எவ்வளவு பாரம் தள்ளினவோ, ஏறக்குறைய அவ்வளவு பாரத்தை பிரஷ்ஷுக்காகவும் பசுக்கள் தள்ளின.

நம் நாட்டில் என்ன செய்தார்கள்? 2023 பிப்ரவரி 14ஆம் தேதி பசுவைக் கட்டிப்பிடியுங்கள் என்று விலங்குகள் நல வாரியம் வேண்டுகோள் விட்டது. ஊரே சிரித்ததும் சில நாளில் திரும்பப் பெற்றது. ஹாலந்தில் காசு கொடுத்துப் பசுவைக் கட்டிக்கொண்டு படுக்கிறார்களாம். கட்டிப்பிடிப்பது யாருடைய ஆறுதலுக்கு? பெயிண்டும் பலூனும் யாருக்கு? இரண்டும் நமக்குத்தான். வாரியத்தாரே, உண்ணி பிடுங்கும் நாள் என்று அறிவித்திருந்தால் நானே முதலில் கைதட்டியிருப்பேன்.

இரண்டு மாட்டை வைத்து வயிறு கழுவுகிற பெண்களை நான் சொல்லவில்லை. எங்கள் கடைசி வீட்டு அம்மாள் கழனி வேலை முடித்து வந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் மாட்டின் காதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் படம் எடுப்பதில்லை. என் சண்டை, ஆள் வைத்து மாடு வளர்த்துவிட்டு வருஷத்துக்கு ஒருநாள் பண்பாடு பேசுகிறவர்களோடும், மாட்டைத் தொட்டால் கௌரவம் குறையும் என்கிற என் நண்பரோடும்தான். அவர் நாளைக் காலை ஏழு மணிக்கு வரட்டும். என்னிடம் நார் இரண்டு இருக்கிறது.