பகலில் மாறும் தேதி



“என் வாட்சில் நேரம் சரியாக ஓடுகிறது. தேதி மட்டும் மத்தியானம் சாப்பிடுகிற நேரத்தில் மாறுகிறது. ரிப்பேரா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

ரிப்பேர் இல்லை, சகோதரி. முட்கள் ஒரு நாளில் இரண்டு முறை சுற்றுகின்றன. தேதித் தட்டு ஒரு முறைதான் நகர்கிறது. நேரம் வைத்தபோது உங்களுக்குப் பகல், கடிகாரத்துக்கு இரவு. முட்களைப் பன்னிரண்டு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள், சரியாகிவிடும்.

எல்லோருக்கும் பயன்படுமே என்று முழு முறையையும் எழுதுகிறேன். பக்கத்துச் சாவியைக் கடைசிவரை இழுத்து, தேதி மாறும்வரை முட்களை முன்னோக்கித் திருப்புங்கள். அதுதான் கடிகாரத்தின் நள்ளிரவு. அப்படியே காலை 6 மணிக்குக் கொண்டுபோய், சாவியை ஒரு படி உள்ளே தள்ளி இன்றைய தேதியை வையுங்கள். பிறகு மறுபடி இழுத்து நேரம். இப்போது மாலை என்றால் நண்பகல் 12-ஐத் தாண்டித்தான் மாலைக்கு வர வேண்டும்.

ஏன் 6 மணி? பல கடிகாரங்களில் இரவு 9 மணி முதல் விடியற்காலை 4 மணிவரை தேதியைத் தள்ளும் பல்சக்கரம் தட்டோடு பிணைந்திருக்கும். அந்த நேரத்தில் சாவியைத் திருகித் தேதியை மாற்றினால் பல் உடையலாம். நல்ல கடிகாரங்கள் பல இப்படித்தான் வீணாகின்றன. பொறுமையாகக் காலையில் மாற்றுங்கள்.

தேதித் தட்டில் எப்போதும் 31 எண்கள். பிப்ரவரியும் ஏப்ரலும் அதற்குத் தெரியாது. மார்ச், மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர் முதல் தேதிகளில் நாம்தான் திருத்தித் தர வேண்டும். ஆண்டுக்கு ஐந்தே முறை! மற்றபடி உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து, மாதத்துக்கு 15, 20 நொடிக்கு மேல் பிசகாமல் பார்த்துக்கொள்கிறது. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது விலை நாலரை லட்சம் யென். நம் ஊரில் அதை எளியவர் கைக்கும் எட்ட வைத்ததில் ஓசூருக்குப் பெரிய பங்கு உண்டு. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் அங்கேதான் தொழிற்சாலை அமைத்தது.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பின்மூடியில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் மழைத்துளியையும் கை கழுவும் நீரையும்தான் அது தாங்கும். குளத்தில் இறங்கக் கூடாது. ஈரக் கையோடு சாவியை இழுக்கவும் கூடாது. தோல் வாரை வியர்வை அரித்துவிடும். கழற்றியதும் துடைத்துக் காற்றில் வையுங்கள்.

நொடிமுள் இரண்டிரண்டு நொடியாகத் தாவினால், பல கடிகாரங்களில் அது பேட்டரி தீரப்போகிறது என்ற அறிவிப்பு. பேட்டரி மாற்றும்போது மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

போனிலேயே மணி பார்த்துக்கொள்ளும் காலத்தில், வேலைக்குச் சேர்ந்தபோது அப்பா கொடுத்ததும் கல்யாணத்துக்கு மாமனார் போட்டதும் பீரோவில் நின்றுபோய்க் கிடக்கின்றன. தீர்ந்த பேட்டரி உள்ளேயே இருந்தால் கசிந்து இயந்திரத்தையே அரித்துவிடும். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். மறுபடி கட்டிக்கொள்ள இஷ்டமில்லை என்றாலும், கடையில் கொடுத்துப் பேட்டரியையாவது கழற்றிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்