'எல்லாம் என் தப்புதான்'... இந்த எண்ணத்தை மாற்ற முடியுமா?

பாலியல் வன்முறைக்கு ஆளான பலருக்கு, உடல் காயம் ஆறிய பிறகும் ஒரு எண்ணம் மட்டும் போவதில்லை: 'நான் அங்க போயிருக்கவே கூடாது, எல்லாம் என் தப்புதான்.'

இப்படி உறைந்துபோன எண்ணங்களை மாற்றத்தான் 1980-களின் இறுதியில் 'காக்னிட்டிவ் பிராசஸிங் தெரபி' என்ற சிகிச்சையை உருவாக்கினார் அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா ரெசிக். வழக்கமாக 12 அமர்வுகள்.

எப்படி நடக்கும்?

'அது ஏன் நடந்ததுன்னு நினைக்கிறீங்க? அதுக்கப்புறம் உங்களை எப்படிப் பார்க்கிறீங்க?' என்று முதலில் எழுதச் சொல்வார்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு நம்பிக்கையையும் எடுத்து சிகிச்சையாளர் கேள்வி கேட்பார். இதுக்கு என்ன ஆதாரம்? இப்படி நடக்கும்னு அப்போ உங்களுக்குத் தெரியுமா? தப்பு செய்ய முடிவெடுத்தது யார்? கடைசியில் மறுபடியும் எழுதுவார்கள். நடந்தது மாறாது. ஆனால் பழி, அதைச் செய்தவர் பக்கம் போய்ச் சேரும்.

'பாசிட்டிவா யோசி' என்ற அட்வைஸால் இது நடக்காது. நம் வீடுகளிலோ, 'அந்த நேரத்துல ஏன் வெளியே போன?' என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. சிகிச்சை அவிழ்க்கப் பார்க்கும் முடிச்சை அந்தக் கேள்வி மேலும் இறுக்குகிறது. முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

உதவி தேவையா? டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.